இடம்பெயர்ந்த கருமபீடம்: பிரித்தானியப் பொது நூலகங்களும் இணையவழி அரச சேவைகளும்

நூலகம் என்றதும் ஈழத்தமிழர்களாகிய நம்மில் பலருக்கு 1981 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். இக்கட்டுரை அதைப் பற்றியதல்ல. நாம் வந்து குடியேறிய நாடுகளின் பொது நூலகங்களுக்குள் கடந்த பதினைந்து ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடந்துவரும் ஒரு மாற்றத்தைப் பற்றியது. நான் வாழ்வது லண்டனில் என்பதால் பிரித்தானியாவை முன்வைத்தே எழுதுகிறேன். ஆயினும் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ சிட்னியிலோ இருக்கும் வாசகர்களுக்கும் இது அந்நியமாக இராது என்று எண்ணுகிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று இரண்டு தட்டுகள் உண்டு. அவற்றுக்காகவே நான் அங்கு போகத் தொடங்கினேன். பிறகு, கணினி தெரியாதவர்களுக்கு உதவும் தொண்டர்களில் ஒருவனாக வாரத்தில் ஒரு பிற்பகலை அங்கு கழிக்கலானேன். அந்தப் பிற்பகல்களில் என்னிடம் வருபவர்களில் மிகச் சிலரே மின்னஞ்சல் எழுதவோ பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கவோ வருகிறார்கள். பெரும்பாலானோர் கையில் ஓர் அரச கடிதம் இருக்கும். அதன் அடியில் ஓர் இணைய முகவரி இருக்கும். அங்கே போய் விண்ணப்பியுங்கள், அங்கே போய் உறுதிப்படுத்துங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்தக் கடிதம் சொல்லும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் நூலகத்துக்கு வருகிறார்கள்.

இலங்கையில் கருமபீடம் என்றும் தமிழகத்தில் கவுண்டர் என்றும் சொல்கிறோமே, அந்த அரச கருமபீடம் இணையத்துக்குப் போய்விட்டது என்கிறார்கள். அது உண்மையில் எங்கே போயிற்று என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கணினி நூலகத்துக்கு வந்த வரலாறு

பிரித்தானியாவில் பொது நூலகங்களுக்கான முதற்சட்டம் 1850 இல் இயற்றப்பட்டது. இன்று இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பது 1964 ஆம் ஆண்டுச் சட்டம். விரிவானதும் திறமையானதுமான நூலக சேவையை வழங்குவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை என்று அது விதிக்கிறது. நூல்கள், அச்சிட்ட பிற பொருட்கள், படங்கள், கிராமபோன் இசைத்தட்டுகள், திரைப்படங்கள் எல்லாம் அந்தச் சட்டத்தில் குறிப்பிடப்படுகின்றன. அது எழுதப்பட்ட காலத்தில் கணினி பொதுமக்களின் பொருளாக இருக்கவில்லை.

கணினி வந்தது பிற்பாடு. 'மக்கள் வலையமைப்பு' என்ற திட்டம் 1997 இல் ஓர் அறிக்கையாக முன்வைக்கப்பட்டது. லொத்தர் நிதியிலிருந்து 10 கோடி பவுண்கள் உட்கட்டமைப்புக்கும் 2 கோடி பவுண்கள் நூலகர்களின் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டன. 2002 முடிவடைவதற்குள் 4,000 க்கும் மேற்பட்ட நூலகங்களில் சுமார் 30,000 கணினிகள் வைக்கப்பட்டுவிட்டன. அந்நாளில் இதன் நோக்கம் அறிவும் கல்வியும்தான். வீட்டில் இணையம் இல்லாத மாணவன் நூலகத்தில் அதைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். அரசாங்கத்தின் கருமபீடமாக அந்தக் கணினிகள் மாறும் என்று அப்போது பலர் நினைத்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அப்படித்தான் ஆயிற்று. 2010 இல் அரச இணையத்தளங்களைப் பற்றி மார்த்தா லேன் ஃபொக்ஸ் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 2011 இல் அரசாங்கத்தின் எண்ணிம சேவைப் பிரிவு தொடங்கப்பட்டது. 2012 ஒக்டோபரில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரே இணையத்தளம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான அரச திட்ட ஆவணத்தின் தாரக மந்திரம், எல்லாச் சேவைகளும் இயல்பாகவே இணையவழியில் அமையவேண்டும் என்பது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது செலவு. ஒரு காரியத்தை இணையத்தில் முடிப்பது தொலைபேசியில் முடிப்பதைவிட 20 மடங்கும், தபாலில் முடிப்பதைவிட 30 மடங்கும், நேருக்குநேர் முடிப்பதைவிட 50 மடங்கும் மலிவு என்று கணக்குக் காட்டினார்கள். இணையத்தைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு 'துணையுடன் கூடிய சேவை' தரப்படும் என்றும் அதே ஆவணம் வாக்களித்தது.

இந்த 50 மடங்கு என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் அரச அலுவலரின் நேரம் இருக்கிறது, கட்டட வாடகை இருக்கிறது. விண்ணப்பதாரர் நூலகத்துக்கு வந்து, அங்குள்ள ஊழியர் ஒருவர் முக்கால் மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் நின்றால் அந்த நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? அது கவுன்சிலின் நூலகச் செலவில் போய்விடுகிறது. மத்திய அரசின் ஏட்டில் அது மிச்சமாகவே தெரியும்.

நியூகாசில் காட்டிய உதாரணம்

இந்த மாற்றத்தின் கூர்மையான வடிவம் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப்பணத் திட்டம். வேலையற்றோர், நோயாளர், குறைந்த வருமானமுள்ளோர், வீட்டு வாடகைக்கு உதவி பெறுவோர் ஆகியோருக்குத் தனித்தனியே இருந்த ஆறு கொடுப்பனவுகளை ஒன்றாக்கி 2013 ஏப்ரலில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். விண்ணப்பம் இணையத்தில். அதன் பின்னான தொடர்பும் இணையத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அதற்குள் ஒரு 'நாட்குறிப்பு'. இலக்கிய வாசகர்களுக்கு நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கப்பிள்ளை நினைவுக்கு வருவார். இந்த நாட்குறிப்பில் எழுதுவது விண்ணப்பதாரரும் அலுவலரும். அலுவலர் இடும் செய்தியைக் குறித்த நேரத்தில் பார்க்காமல் சந்திப்பைத் தவறவிட்டால் கொடுப்பனவு குறைக்கப்படலாம். விண்ணப்பித்து முதற்பணம் கைக்கு வரப் பொதுவாக ஐந்து வாரங்கள் ஆகும் என்பதால், விண்ணப்பம் ஒருநாள் தாமதமானால் ஒருநாள் பட்டினி கூடும்.

தொலைபேசியில் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் அது விதிவிலக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. திட்டத்தை நடத்தும் அரச துறையே 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, எவருடைய உதவியுமின்றி இணையத்தில் விண்ணப்பத்தைப் பதிவுசெய்ய முடிந்தவர்கள் 54 சதவீதத்தினர்தான். அதே ஆண்டில் நாட்டில் இணையத்தைப் பயன்படுத்தாத வயதுவந்தோர் 53 இலட்சம், அதாவது பத்தில் ஒருவர், என்று தேசிய புள்ளிவிபர அலுவலகம் கணக்கிட்டது.

கென் லோச்சின் 'நான், டேனியல் பிளேக்' படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். 2016 இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்ற படம். நியூகாசில் நகரத்துத் தச்சர் ஒருவர், மாரடைப்புக்குப் பிறகு உதவிப்பணத்துக்கு அலைகிறார். இணையப் படிவத்தை நிரப்ப அவர் நூலகத்துக்குப் போகும் காட்சி ஒன்று வருகிறது. மவுஸைத் திரையில் மேலே கொண்டுபோகச் சொன்னதும் அவர் அதைத் தூக்கித் திரையின்மீதே வைக்கிறார். அரங்கில் சிரிப்பு எழும் இடம் அது. வாரந்தோறும் அந்தக் காட்சியைப் பக்கத்தில் நின்று பார்க்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுள் முழுவதும் உளியையும் இழைப்புளியையும் பிடித்த கை அது. இந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று அதற்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

படத்தில் வந்தது மிகை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2018 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமை தொடர்பான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் பிரித்தானியாவுக்கு வந்தார். அரசு வாக்களித்த துணைச்சேவை நடைமுறையில் பொது நூலகங்களினதும் தொண்டு அமைப்புகளினதும் தலையில் விழுந்திருப்பதை அவர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். யூனிவர்சல் கிரெடிட்டின் முழு இணைய வடிவம் 2016 மே மாதத்தில் முதலில் வந்த நகரம் நியூகாசில். அந்நகரின் மத்திய நூலகம் 2017 ஓகஸ்ட் முதல் 2018 செப்டெம்பர் வரை ஏறத்தாழ 2,000 பேருக்குக் கணினி உதவி அளித்திருக்கிறது என்று அவர் குறிப்பிட்டார். பலர் பதற்றத்தோடு நூலகத்துக்கு வருகிறார்கள் என்பதையும் அவர் பதிவுசெய்தார்.

2019 ஏப்ரலில் இந்த உதவிக்கென அரச நிதியில் ஒரு சேவை தொடங்கப்பட்டு, சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் 2022 ஏப்ரல் முதல் அதுவும் தொலைபேசியிலும் இணையத்திலும் மட்டும் என்றாகிவிட்டது. நேரில் ஒரு மனிதரைப் பார்க்கவேண்டுமானால் மீண்டும் நூலகம்தான்.

திறந்திருக்கும் கதவுகள் குறைந்தபோது

கருமபீடம் நூலகத்துக்கு வந்த அதே ஆண்டுகளில் நூலகங்கள் மூடப்பட்டன என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி. 2010 க்குப் பின் மத்திய அரசு கவுன்சில்களுக்கு வழங்கும் நிதியைக் கடுமையாகக் குறைத்தது. முதியோர் பராமரிப்பைக் குறைப்பதா நூலகத்தைக் குறைப்பதா என்ற நிலையில் பல கவுன்சில்கள் நூலகத்தின்மீது கைவைத்தன. ஆறு ஆண்டுகளில் 340 க்கும் மேற்பட்ட நூலகங்கள் மூடப்பட்டதாகவும் சுமார் 8,000 நூலகப் பணியிடங்கள் இல்லாமற்போனதாகவும் பிபிசி 2016 இல் கண்டறிந்தது. ஊழியர்களின் இடத்தில் தொண்டர்கள் வந்தார்கள். என்னைப் போன்றவர்கள் அங்கு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

வெம்பிளியை நம்மவர்கள் அறிவார்கள். ஈலிங் வீதியின் சேலைக்கடைகளும் கோயிலும் அங்குதான். அது அமைந்திருக்கும் பிரென்ற் கவுன்சில் 2011 இல் தனது பன்னிரண்டு நூலகங்களில் ஆறை மூடியது. அவற்றில் ஒன்றான கென்சல் றைஸ் நூலகம், 1900 இல் மார்க் ட்வைன் திறந்துவைத்த வாசிகசாலையிலிருந்து வளர்ந்தது. எழுத்தாளர் ஸேடி ஸ்மித் உட்படப் பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். வழக்கும் தொடர்ந்தார்கள். மேல்நீதிமன்றம் கவுன்சிலின் பக்கமே தீர்ப்பளித்தது. 1964 ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனை நூலகங்கள் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. உதவிப்பணப் படிவத்துக்குத் துணைநிற்பதும் நூலகத்தின் வேலை என்றும் சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத வேலைக்கு நிதி கேட்பதும் கடினம், அந்த வேலையைக் காரணம் காட்டி நூலகத்தைக் காப்பாற்றுவதும் கடினம்.

நூலகர்கள் சும்மா இருக்கவில்லை. தலைமை நூலகர்களின் சங்கம் 2013 இல், எல்லாப் பொது நூலகங்களும் பொதுவாக வழங்கவேண்டிய சேவைகளை வகுத்தபோது, அரச தகவல்களையும் இணைய சேவைகளையும் மக்கள் அடைய உதவுவதை அவற்றில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஊழியர்களுக்கு அதற்கான பயிற்சியும் தந்தது. அவர்கள் தாமாக முன்வந்து தோள்கொடுத்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

நம்மவர்களும் மின்விசாவும்

இனி நம் சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விடயம். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் தஞ்சம் பெற்று, அந்நாடுகளின் குடியுரிமையும் பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவோ உறவினருக்கு அருகில் இருக்கவோ பிரித்தானியாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியபோது இவர்கள் அனைவரும் தங்கள் வதிவிட உரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டி வந்தது. 2019 மார்ச் இறுதியில் முழுமையாகத் தொடங்கிய அத்திட்டத்தின் பொதுவான இறுதிநாள் 2021 ஜூன் 30. விண்ணப்பம் பெரும்பாலும் இணையத்தில். கடவுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் வருடிப் பதிவுசெய்யும் செயலி 2019 ஒக்டோபர் வரை அன்ட்ரொய்ட் வகைத் தொலைபேசிகளில் மட்டுமே இயங்கியது.

உரிமை கிடைத்த ஐரோப்பியக் குடிமக்களுக்கு அட்டை எதுவும் தரப்படவில்லை. உரிமை என்பது ஓர் இணையக் கணக்கில் இருக்கும் பதிவு மட்டுமே. வேலை கொடுப்பவருக்கோ வீட்டுக்காரருக்கோ அதைக் காட்டவேண்டுமானால், கணக்கினுள் நுழைந்து, ஒன்பது எழுத்தும் எண்ணும் கொண்ட பகிர்வுக் குறியீடு ஒன்றை எடுத்துக் கொடுக்கவேண்டும். 90 நாட்களில் அது காலாவதியாகும். பிறகு வேறொன்று எடுக்கவேண்டும்.

அடுத்து வந்தது மற்றவர்களின் முறை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளோடு இங்கு வாழ்பவர்களிடம் இருந்த வதிவிட அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசெம்பர் 31 என்ற தேதியோடு காலாவதியாயின. பயணங்களுக்குப் பழைய அட்டையைக் காட்டும் சலுகை அதன்பின் சில மாதங்கள் நீட்டிக்கப்பட்டது. உரிமை காலாவதியாகவில்லை, அட்டைதான் காலாவதியாயிற்று. உரிமை மின்விசாவாக இணையக் கணக்கொன்றுக்குள் போய்விட்டது. 1980 களிலும் 90 களிலும் வந்து, பழைய கடவுச்சீட்டில் குத்தப்பட்ட நிரந்தர வதிவிட முத்திரையோடு வாழும் முதியவர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்கள் மின்விசா பெறுவதற்கு முன் தனியாக ஒரு விண்ணப்பம் செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இங்கு வாழ்ந்ததற்கான சான்றுகளைத் திரட்டவேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் என்னிடம் வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் இந்த விடயத்துக்காகவே வந்தார்கள்.

மின்னஞ்சல் யாருடையது?

எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். கணக்குத் திறக்க மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்று சொன்னேன்.

"ஈமெயில் இருக்குது தம்பி. ஆனா என்னெண்டு எனக்குத் தெரியாது. ஃபோம் நிரப்பித் தந்த பெடியனுக்குத்தான் தெரியும்."

"அவர் இப்ப எங்க ஐயா?"

"அந்தக் கடை பூட்டியாச்சு."

ஊரில் கச்சேரி வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். நம்மவர்கள் வாழும் லண்டன் வீதிகளிலும் தொலைபேசிக் கடை, பயண முகவர் நிலையம் என்ற பெயர்ப்பலகைகளுக்குக் கீழ் அதே தொழில் நடக்கிறது. காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. மொழி தெரியாதவருக்கு அது பேருதவி. ஆனால் அன்றைய மனு எழுத்தாளருக்கும் இன்றையவருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அன்று எழுதிய மனுவை எழுதியவர் நம் கையில் கொடுத்துவிடுவார், பிறகு அவர் நமக்குத் தேவையில்லை. இன்றோ நிரப்பிக்கொடுப்பவர் தாமே ஒரு மின்னஞ்சலைத் திறந்து, தமது தொலைபேசி எண்ணைப் பதிந்து, கடவுச்சொல்லைத் தமது நோட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்தமுறை கணக்கினுள் நுழையப் பாதுகாப்புக் குறியீடு அந்தத் தொலைபேசிக்குத்தான் போகும். அப்பெரியவரின் வதிவிட உரிமைக்கான திறவுகோல் ஊர் பெயர் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. மகனோ மருமகளோ திறந்துகொடுத்தாலும் நிலைமை இதுதான். குடும்பத்தில் பிணக்கு வரும்வரை அது ஒரு பிரச்சினையாகத் தெரியாது.

அவருக்கு முதலில் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறந்து, அதைத் திறக்கவும் மூடவும் பழக்கினேன். இரண்டு பிற்பகல்கள் அதற்கே போயின. பழைய கணக்கை மீட்பதற்கு அரச உதவி எண்ணோடு பேசவேண்டியிருந்தது. அந்த உரையாடலை அவரே நடத்தவேண்டும், நான் அவராகப் பேசமுடியாது.

நூலகர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

நூலக ஊழியர்கள் ஏன் படிவத்தைத் தாங்களே நிரப்பித் தருவதில்லை என்று பலர் கோபப்படுவார்கள். காரணம் அசட்டையல்ல. பொதுவாக நூலகங்களில் உள்ள நடைமுறை, வழியைக் காட்டலாம், விசைப்பலகையில் கைவைக்கக்கூடாது என்பதே. ஒருவரின் வருமானம், நோய், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஊழியர் தட்டச்சு செய்தால், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும்.

குடிவரவு விடயத்தில் இது வெறும் நடைமுறையல்ல, சட்டம். 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதியும் பதிவும் இல்லாத ஒருவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றமாகும். அதைக் கண்காணிக்கும் அமைப்பு 2025 ஜனவரி முதல் 'குடிவரவு ஆலோசனை அதிகாரசபை' என்ற பெயரில் இயங்குகிறது. ஆகவே மின்விசாக் கணக்கு திறக்கும் பக்கத்தை நூலகர் காட்டலாம். கடவுச்சீட்டை எப்படி வருடுவது என்று சொல்லித்தரலாம். "எனக்கு எந்த வகை விசா பொருந்தும்?" என்று கேட்டால் பதில் சொல்லமுடியாது. கேட்பவருக்கோ அந்தக் கேள்விதான் முக்கியம். அரச அலுவலகத்தின் பழைய கருமபீடத்தில் இருந்தவரிடம் பதில் சொல்லும் அதிகாரம் இருந்தது. நூலகத்தின் கருமபீடத்துக்குக் கேள்விகள் மட்டும் வந்து சேர்ந்தன, அதிகாரம் கூட வரவில்லை.

இடநெருக்கடியும் உண்டு. பல நூலகங்களில் ஒருவருக்கு ஒரு மணித்தியாலம்தான் கணினி. விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது அடுத்தவர் பின்னால் வந்து நிற்பார். திரைக்கு மறைப்பு இல்லை. தன் நோயை எழுதும் பெண் பக்கத்து இருக்கையில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறார்.

பிற நாடுகளில்

இது பிரித்தானியாவுக்கு மட்டும் உரிய கதையல்ல. 2005 இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்க மத்திய அவசரகால முகாமையின் நிவாரணத்துக்கு இணையத்தில் பதிவுசெய்ய முயன்றவர்களுக்கு, அத்தளம் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6 என்ற உலாவியில் மட்டுமே இயங்கியது பெரும் இடராயிற்று. வளைகுடாக் கரையோரத்தில் தப்பி நின்ற நூலகங்களில் வீடிழந்தவர்கள் வரிசையில் நின்று அந்தப் படிவங்களை நிரப்பினார்கள்.

வேறொரு வழியைக் காட்டுவது டென்மார்க். அங்கே 2014 நவம்பர் 1 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அரச கடிதங்களை மின்தபாலில் பெறவேண்டும் என்பது சட்டம். பிரித்தானியாவைவிடக் கடுமையானது. ஆனால் முடியாதவர்கள் விலக்குக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, பல நகரங்களில் குடிமக்கள் சேவைப் பிரிவை நூலகத்துடனேயே இணைத்திருக்கிறார்கள். 2015 இல் ஓர்ஹூஸ் நகரில் திறக்கப்பட்ட டொக்1 என்ற பெருங்கட்டடத்தில் நூலகமும் நகராட்சியின் குடிமக்கள் சேவையும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. புத்தகம் எடுக்க வருபவரும் முகவரி மாற்ற வருபவரும் ஒரே வாசலால் நுழைகிறார்கள். உதவுபவரோ அதிகாரமுள்ள நகராட்சி அலுவலர். கருமபீடம் அங்கும் இடம்பெயர்ந்தது. ஆளும் நிதியும் அதிகாரமும் கூடவே சென்றன. லண்டனிலும் சில கவுன்சில்கள் நூலகத்தையும் தமது சேவை நிலையத்தையும் ஒன்றாக்கியிருக்கின்றன. ஆனால் அங்கு கிடைப்பது கவுன்சிலின் சேவை. யூனிவர்சல் கிரெடிட்டும் மின்விசாவும் மத்திய அரசின் கையில் இருப்பவை.

இது நூலகத்தின் வேலையா?

இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: நூலகம் புத்தகத்துக்கானது, அதைப் படிவம் நிரப்பும் இடமாக்கிவிட்டால் வாசிப்பு என்னாவது? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். புத்தகம் வாங்கும் நிதி குறைந்திருப்பதை எங்கள் தமிழ்த் தட்டுகளே காட்டும்.

ஆயினும் ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டதும் பயிற்சிக்காக வந்தது லண்டனுக்கு. பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்த பெர்விக் செயர்ஸ், குரொய்டன் நகரின் தலைமைப் பொது நூலகர். பிரித்தானியப் பொது நூலகங்கள் பலவற்றை இரங்கநாதன் சுற்றிப் பார்த்தார். எல்லா வகை மக்களும் அவற்றுக்குள் வந்துபோவதைக் கண்டார். பின்னர் 1931 இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகப் புகழ்பெற்றவை. ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டியது கிடைக்கவேண்டும், தேடி வருபவரின் நேரம் வீணாகக்கூடாது என்பன அவ்விதிகளின் சாரத்தில் அடங்கும். வேண்டியது நாவலாகவும் இருக்கலாம், நாளை காலைக்குள் அனுப்பவேண்டிய படிவமாகவும் இருக்கலாம். வாக்காளர் இடாப்பு, தொலைபேசி விபரக்கொத்து, அரச வர்த்தமானி ஆகியவற்றை உசாத்துணைப் பகுதியில் வைத்து, கேட்டவருக்கு உரிய பக்கத்தை எடுத்துக்காட்டியவர்கள்தானே அன்றைய நூலகர்கள்?

எனவே என் குறை நூலகம் இந்த வேலையைச் செய்கிறது என்பதல்ல. கடை, உணவகம், வங்கி எங்கும் வாடிக்கையாளராக இருந்தால்தான் உட்காரலாம். எதையும் வாங்காமல் உட்கார்ந்து ஒரு மனிதரிடம் கேள்வி கேட்கக்கூடிய இடம் இன்று இதுதான். அந்த இடத்துக்கு வேலையை அனுப்பிய அரசு, வேலைக்கான நிதியையும் சட்டக் கடமையையும் சேர்த்து அனுப்பவேண்டும். மிச்சம் பிடித்த 50 மடங்கில் ஒரு பங்கையேனும் நூலகத்தின் கணக்கில் எழுதவேண்டும்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள்

வீட்டில் முதியவர்கள் இருப்பவர்களுக்கும், நூலகத்துக்கு உதவி தேடி வருபவர்களுக்கும் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரில், அவர் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதில் தவறில்லை. நூலகத்துக்குக் கொண்டுவந்து மேசையில் விட்டுப்போவதுதான் தவறு.

2. வரும்போது கடிதம், கடவுச்சீட்டு, பழைய வதிவிட அட்டை, சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பாதுகாப்புக் குறியீடு தொலைபேசிக்குத்தான் வரும்.

3. காலாவதியான அட்டையையும் முத்திரை உள்ள பழைய கடவுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

4. கணினி நேரத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். எழுந்து போகுமுன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள். முடிந்த விண்ணப்பத்தின் உறுதிப்பத்திரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. எந்த விசா, எந்தக் கொடுப்பனவு என்ற கேள்விகளுக்குப் பதிவுபெற்ற ஆலோசகரிடமே போங்கள். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று தேடித்தர நூலகரால் முடியும்.

இன்னொன்று. ஒரு நூலகத்தை மூடுவதற்கு முன் கவுன்சில் மக்களின் கருத்தைக் கேட்கும். அந்தப் படிவமும் இப்போது இணையத்தில்தான் முதலில் வரும், தாளில் வேண்டுமென்றால் அதே நூலகத்தில் கேட்டு வாங்கலாம். நூலகத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். நம்மவர்களில் பலர் 'புத்தகம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது நிரப்பாமலே விடுகிறார்கள். அம்மாவின் மின்விசாவுக்காகவும் அப்பாவின் உதவிப்பணத்துக்காகவும் அங்கே போய் உட்கார்ந்த மணித்தியாலங்களையும் அதில் எழுதுங்கள். எழுதப்படாத வேலைக்கு எவரும் நிதி ஒதுக்குவதில்லை.